முதுகு வலிக்கு ஆஸ்டியோபதி: எது வரை நம்பலாம், முதல் நாள் என்ன நடக்கும்?

பிரிட்டனில் முதுகு வலியோடு குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போகிறவருக்கு வலி மாத்திரையும், படுத்தே கிடக்காமல் நடமாடும்படி ஓர் அறிவுரையும், பிசியோதெரபிக்கான காத்திருப்புப் பட்டியலில் ஓர் இடமும் கிடைப்பது வழக்கம். காத்திருக்கப் பொறுமையோ வசதியோ இல்லாதவர்கள் கைக்காசு கொடுத்துப் போகும் இடங்களுள் ஆஸ்டியோபத்தின் சிகிச்சை அறையும் ஒன்று. அங்கே என்னென்ன குணமாகும் என்று சொல்லும் பட்டியல் முதுகு வலி, கழுத்து வலி என்று தொடங்கி, சில இடங்களில் ஒற்றைத் தலைவலி, செரிமானக் கோளாறு, கைக்குழந்தையின் ஓயாத அழுகை என்று நீண்டுகொண்டே போகும். அதில் எந்த வரி வரை நம்பலாம் என்பதுதான் முதன்முறை போகிறவருக்கு எழவேண்டிய ஐயம். முதல் சில வரிகளுக்கு ஓரளவு சான்று உண்டு. கீழே இறங்க இறங்க அது மெலிகிறது. அந்த முதல் வரிகளுக்குள்கூடக் கைகளால் செய்யும் சிகிச்சையின் பலன் அளவோடுதான் இருக்கிறது. என் கணிப்பில், ஒரு நல்ல ஆஸ்டியோபத் தரும் மிகப் பயனுள்ள சேவை, சிகிச்சை மேசையில் நடப்பதைவிட, அதற்கு முன்பு அவர் கேட்கும் கேள்விகளிலும் செய்யும் பரிசோதனையிலும் இருக்கிறது.

ஆஸ்டியோபதி என்பது எலும்பு, மூட்டு, தசை, தசைநார் ஆகியவற்றைக் கைகளால் தொட்டறிந்து, அழுத்தியும் நீட்டியும் அசைத்தும் வலியைக் குறைத்து அசைவை மீட்க முயலும் மருத்துவ முறை. பிரிட்டனில் ஆஸ்டியோபத் மருந்துச் சீட்டு எழுதுவதோ அறுவை செய்வதோ இல்லை. எலும்பு முறிந்தால் நாம் ஓடும் ஆர்த்தோ டாக்டர் வேறு, இவர் வேறு. பிசியோதெரபிக்கும், முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்ய முயலும் கைரோபிராக்டிக் முறைக்கும் இதற்கும் இடையில் செய்முறை அளவில் உள்ள எல்லைக்கோடு மங்கலானது. மூவருமே முதுகைப் பிடித்துவிடுகிறார்கள், மூட்டை அசைக்கிறார்கள், பயிற்சி சொல்லித்தருகிறார்கள். வேறுபாடு பெரும்பாலும் பயிற்சி பெற்ற மரபிலும், உடலைப் பற்றி அந்த மரபு சொல்லிவந்த கதையிலும் இருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், வாசலில் உள்ள பட்டியல் ஏன் அவ்வளவு நீள்கிறது என்பது விளங்கும்.

இந்த முறையை உருவாக்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை மெதடிஸ்ட் போதகராகவும் மருத்துவராகவும் இருந்தார். மகனும் அந்தக் கால வழக்கப்படி தந்தையோடு கூடவே இருந்து மருத்துவம் கற்றார். உள்நாட்டுப் போரில் வடக்கு அணியில் பணியாற்றினார். 1864-ல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. பாதரச உப்பைப் பேதி மருந்தாகக் கொடுப்பதும், ரத்தத்தை வடிப்பதும், அபினும் சாராயமுமே அன்றைய மருத்துவப் பெட்டியில் இருந்தவை என்பதை நினைத்துப் பார்த்தால், மருந்து என்ற ஒன்றின் மீதே அவருக்கு நம்பிக்கை போனதில் வியப்பில்லை. 1874-ல் அவர் தம் புதிய கொள்கையை அறிவித்தார். எலும்புகள், குறிப்பாக முதுகெலும்புகள், தம் இடத்திலிருந்து சற்றே விலகும்போது ரத்த ஓட்டமும் நரம்பின் செயலும் தடைபடுகின்றன, நோய்களின் வேர் அதுவே, அதைக் கையால் சரிசெய்தால் உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஊர் ஊராகப் போய் மின்னல் வேக எலும்பு வைத்தியர் என்று தம்மை விளம்பரப்படுத்திக்கொண்ட காலமும் அவருக்கு உண்டு. 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

எல்லா நோய்க்கும் முதுகெலும்பே வேர் என்று ஒருவர் நம்பினால், எல்லா நோய்க்கும் முதுகில் சிகிச்சை செய்யலாம் என்றுதான் அவருடைய பட்டியல் நீளும். இன்றைய ஆஸ்டியோபத்துகளில் பெரும்பாலோர் ஸ்டில்லின் அந்தக் கொள்கையை எழுத்துக்கு எழுத்து ஏற்பதில்லை. ஆனால் பட்டியலின் கீழ்ப்பகுதி அந்தக் காலத்தின் எச்சமாகவே தொடர்கிறது.

அமெரிக்காவில் இந்த மரபு முற்றிலும் வேறு திசையில் போய்விட்டது. அங்குள்ள ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் மருந்தியலையும் அறுவை மருத்துவத்தையும் படிப்படியாகத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டன. 1973-க்குள் எல்லா மாநிலங்களும் அவற்றின் பட்டதாரிகளுக்கு முழு மருத்துவ உரிமம் வழங்கிவிட்டன. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மகள் அந்தக் கல்லூரிகள் தரும் டி.ஓ. பட்டம் படித்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால், அவள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் தகுதி பெற்ற முழு மருத்துவர் என்றே பொருள். அந்த டி.ஓ.வையும் லண்டனில் முதுகு பிடித்துவிடும் ஆஸ்டியோபத்தையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிரிட்டனுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான். அவர் 1917-ல் லண்டனில் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். 1935-ல் இந்தத் தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் கோரும் மசோதா பிரபுக்கள் சபையின் குழு முன் விசாரணைக்கு வந்தது. சாட்சியங்கள் நிற்கவில்லை, மசோதா திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு தன்னார்வப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டதே தவிர, யார் வேண்டுமானாலும் தம்மை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1993-ல் ஆஸ்டியோபத்துகள் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமைந்த பொது ஆஸ்டியோபதிக் கவுன்சில் 1998-ல் பதிவேட்டைத் திறந்தது. 2000 முதல், அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்வது பிரிட்டனில் குற்றம். இன்று பதிவேட்டில் 5,000-க்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற படிப்பு நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள். அதற்குப் பிறகும் தொடர் கல்வி கட்டாயம். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கும் முன்பு இரண்டு நிமிடம் ஒதுக்கி அதைச் செய்துவிடுவது நல்லது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. சட்டப் பதிவு என்பது அவர் பயிற்சி பெற்றவர், காப்பீடு வைத்திருப்பவர், தவறு செய்தால் விசாரிக்கப்படக்கூடியவர் என்பதற்குத்தான் உத்தரவாதம். அவர் செய்யும் ஒவ்வொரு சிகிச்சையும் பலன் தரும் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

பலன் பற்றிய சான்று எங்கே இருக்கிறது? கீழ்முதுகு வலியில்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் கீழ்முதுகு வலிக்கும், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியான சயாட்டிகாவுக்கும் வெளியிட்ட வழிகாட்டுதல், கைகளால் செய்யும் சிகிச்சையை, அதாவது முதுகெலும்பை அசைப்பது, தள்ளுவது, தசையைப் பிடித்துவிடுவது ஆகியவற்றை, பரிசீலிக்கலாம் என்கிறது. ஆனால் உடற்பயிற்சியோடு சேர்ந்த தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டுமே. தனியாக அதை மட்டும் செய்துகொள்ளும்படி அது சொல்லவில்லை. இந்த நிபந்தனையை நோயாளிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மேசையில் படுத்து எழுந்தால் போதும், வீட்டில் தினமும் செய்யவேண்டிய பயிற்சி இரண்டாம்பட்சம் என்று நினைக்கிறார்கள். வழிகாட்டுதலோ பயிற்சியை முதலிலும் கைச்சிகிச்சையை அதற்குத் துணையாகவும் வைக்கிறது.

பலனின் அளவைச் சொல்லும் இரண்டு ஆய்வுகள் இங்கே பொருந்தும். 2004-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் 1,334 முதுகு வலிக்காரர்கள் கலந்துகொண்டார்கள். குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்போடு, ஆஸ்டியோபத், கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரில் ஒருவரிடம் முதுகெலும்புச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு, வலியால் ஏற்படும் முடக்கத்தை அளக்கும் 24 புள்ளி அளவுகோலில், மூன்று மாத முடிவில் கூடுதலாகச் சுமார் ஒன்றரைப் புள்ளியும், ஓராண்டு முடிவில் ஒரு புள்ளியும் முன்னேற்றம் தெரிந்தது. முன்னேற்றம் உண்மைதான், ஆனால் சிறியது. 2021-ல் வந்த பிரெஞ்சு ஆய்வு இன்னும் கடுமையான கேள்வியைக் கேட்டது. 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முறையான ஆஸ்டியோபதிச் சிகிச்சையும், மறுபாதிக்கு அதே ஆஸ்டியோபத்துகளின் கையாலேயே மெல்லத் தொடுவது மட்டுமான போலிச் சிகிச்சையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு தடவை கொடுத்தார்கள். மூன்று மாத முடிவில் 100 புள்ளி அளவுகோலில் இரு தரப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் மூன்றரைப் புள்ளிக்குள் அடங்கியது. அன்றாட வாழ்க்கையில் ஒருவர் உணரக்கூடிய வித்தியாசமாக அது இருக்க வாய்ப்பில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இதை வைத்து ஆஸ்டியோபதி வெறும் ஏமாற்று என்று சொல்லிவிடுவது அவசரம். முதுகு வலிக்கு மாத்திரை, ஊசி, கருவி என்று எதை எடுத்துக்கொண்டாலும் பலன் இதே அளவில்தான் நிற்கிறது. நைஸ் வழிகாட்டுதல் பாராசிட்டமாலைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது, அல்ட்ராசவுண்ட் சிகிச்சையையும் அக்குபங்சரையும் வழங்க வேண்டாம் என்கிறது. புதிதாக வந்த முதுகு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிகிறது என்பதால், அந்த வாரங்களில் எந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டாலும் அதற்கே பெயர் போகும். இந்த நிலையில் நியாயமான எதிர்பார்ப்பு, வலி கொஞ்சம் சீக்கிரம் தணியலாம், பயந்து பயந்து நடந்தவருக்கு உடம்பை அசைக்கும் தைரியம் வரலாம் என்பதுதான்.

கீழ்முதுகுக்கு அடுத்தபடியாக, அடிபடாமல் வந்த கழுத்து வலி, கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி, தோள்பட்டை வலி, இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்தின் வலி, சிறிய விளையாட்டுக் காயங்கள், தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்கு ஆஸ்டியோபத்துகள் சிகிச்சை தருகிறார்கள். மூட்டுத் தேய்மானத்தில் இது தேய்ந்ததை வளர்க்காது. பயிற்சிக்கும் உடல் எடையைக் குறைப்பதற்கும் துணையாக நிற்கும், அவ்வளவே. இவற்றைத் தாண்டிய பட்டியலை, அதாவது ஆஸ்துமா, செரிமானக் கோளாறு, மாதவிடாய் வலி, மனச்சோர்வு, காது நோய், குழந்தையின் வயிற்று வலி ஆகியவற்றை, ஐயத்தோடு பார்ப்பதே சரி. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2016-ல் ஆஸ்டியோபத்துகளுக்கு இது குறித்து எழுத்திலேயே வழிகாட்டியது: குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ சிகிச்சை தருவதாகச் சொல்லலாம், ஆனால் தக்க சான்று இல்லாமல் குழந்தையின் வயிற்று வலி போன்ற குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது.

மண்டையோட்டு ஆஸ்டியோபதி என்ற கிளையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோருக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது அதுதான். ஸ்டில்லின் மாணவரான வில்லியம் கார்னர் சதர்லேண்ட் உருவாக்கிய இந்த முறை, மண்டையோட்டு எலும்புகள் ஒரு தாளத்தில் நுண்ணளவில் அசைகின்றன, பயின்ற விரல்கள் அதை உணர்ந்து திருத்தலாம் என்று சொல்கிறது. ஒரே நோயாளியின் தலையைத் தொட்டுப் பார்த்த இரண்டு வல்லுநர்கள் அந்தத் தாளத்தை ஒரே மாதிரி எண்ணுகிறார்களா என்று சோதித்தபோது, அவர்களுடைய கணக்குகள் பொருந்தவில்லை. தொடுகை மெல்லியது என்பதால் குழந்தைக்கு நேரடிக் கெடுதல் குறைவு. அழுகைக்கு உண்மையான காரணம் வேறாக இருந்து, அதைக் கண்டறிவது தாமதமாவதுதான் கெடுதல்.

இனி முதல் நாள். குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே நேராக நேரம் வாங்கிக்கொள்ளலாம். முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும்; அடுத்தடுத்த சந்திப்புகள் அரை மணி நேரம். தேசிய சுகாதாரச் சேவை வழியாக இலவசமாகக் கிடைப்பது சில பகுதிகளில் மட்டுமே. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தனியார் காப்பீடு இருப்பவர்கள், அது எத்தனை சந்திப்புகளுக்குப் பணம் கொடுக்கும் என்பதையும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

முதல் இருபது நிமிடம் பேச்சிலேயே போகும், போக வேண்டும். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா, காலுக்கு இறங்குகிறதா என்று கேள்விகள் வரும். இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதியும் ஓர் இடைஞ்சலும் உண்டு. குடைச்சல், இழுப்பு, எரிச்சல், சுருக் சுருக்கென்று குத்துவது, மரத்துப்போவது என்று வலியை வகைபிரித்துச் சொல்ல நம்மிடம் சொற்கள் தாராளமாக இருக்கின்றன; அந்த வகைபிரிப்பு ஆஸ்டியோபத்துக்கும் வேண்டியதுதான், ஏனென்றால் பிட்டத்திலிருந்து முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலி நரம்பைச் சுட்டுகிறது, ஓரிடத்தில் மந்தமாகக் குடைவது மூட்டையோ தசையையோ சுட்டுகிறது. ஆனால் லண்டனில் பிள்ளையோடு வரும் வயதான தாய் "வாயு பிடிச்சிருக்கு" என்று சொல்ல, பிள்ளை அதை அப்படியே வயிற்றில் காற்று என்று ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டால், விசாரணை வேறு பாதையில் போய்விடும். மொழிபெயர்க்கப் போகிறவர், அம்மா கை வைத்துக் காட்டும் இடத்தையும் அது என்ன செய்கிறது என்பதையும் சொன்னால் போதும். இன்னொன்று, இரண்டு பாதங்களும் ஒருசேர மரத்துப்போனால் அதற்கு முதுகுதான் காரணம் என்றில்லை, பல ஆண்டுச் சர்க்கரை நோயும் அதைச் செய்யும். எனவே சர்க்கரை இருப்பதை, அவர் கேட்க மறந்தாலும், சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்குள் சில, நோயாளிக்குச் சம்பந்தமில்லாதவை போலவோ கூச்சமூட்டுபவை போலவோ தோன்றும். சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, மலம் அடக்க முடிகிறதா, தொடைகளின் உட்புறத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் உணர்ச்சி மரத்திருக்கிறதா என்று கேட்பார். இந்தக் கேள்விகளைச் சிரித்து மழுப்பாமல் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால்போல் பிரியும் நரம்புக்கற்றை நசுங்கினால் தெரியும் அறிகுறிகள் இவை. அப்படியிருந்தால் போகவேண்டிய இடம் ஆஸ்டியோபத்தின் மேசை அல்ல, அதே நாளில் மருத்துவமனையின் அவசரப் பிரிவு; தாமதித்தால் அந்த உறுப்புகளின் செயல் நிரந்தரமாகவே போய்விடக்கூடும். காரணமில்லாமல் எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, முன்பு புற்றுநோய் வந்ததா, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தீர்களா, விழுந்தீர்களா என்பவையும் இதே வகைக் கேள்விகள். முதுகு வலிக்காரர்களில் மிகச் சிலருக்குத்தான் இவற்றில் ஏதாவது இருக்கும். அந்தச் சிலரைச் சிகிச்சை தொடங்கும் முன்பே பிரித்தெடுத்து மருத்துவரிடம் அனுப்புவதற்காகத்தான் நான்கு ஆண்டுப் படிப்பு. இவற்றில் ஒன்றையும் கேட்காமல், வந்தவுடன் மேசையில் படுக்கச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதில் தவறே இல்லை.

அடுத்தது பரிசோதனை. முதுகும் காலும் தெரிய வேண்டும் என்பதால் மேலாடையைக் களையச் சொல்வார், உள்ளாடையோடு நிற்கச் சொல்வதும் உண்டு. கூச்சமாக இருந்தால் அரைக்கால் சட்டையும் முதுகுத் திறப்புள்ள மேலாடையும் அணிந்து போகலாம், துண்டோ போர்வையோ கேட்கலாம், துணைக்கு ஒருவரை அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். பெண் ஆஸ்டியோபத் வேண்டும் என்று நேரம் வாங்கும்போதே கேட்கலாம். இவையெல்லாம் நோயாளியின் உரிமை, சலுகை அல்ல. நிற்க வைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் குனியச் சொல்லி, எந்த அசைவில் முகம் சுளிக்கிறது என்று பார்ப்பார். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்குவார். பாதி உயரத்திலேயே வலி காலின் கீழே பாய்ந்தால், நரம்பு எங்கோ உறுத்தப்படுகிறது என்று ஊகிக்கலாம். முழங்காலின் கீழும் குதிகாலின் பின்னும் சிறு சுத்தியலால் தட்டுவார், கால் கட்டைவிரலை மேல்நோக்கித் தள்ளச் சொல்லித் தம் கையால் எதிர்ப்பார், இரண்டு கால்களிலும் தொடு உணர்ச்சி ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் விரல்கள் முதுகில் ஏறி, ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்க்கும்.

இந்தக் கட்டத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். சாதாரண முதுகு வலிக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்பதே வழிகாட்டுதல். 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 சதவீதம்தான். ஆகவே படத்தில் தெரியும் பிதுக்கம்தான் வலிக்குக் காரணம் என்று நேராக முடிச்சுப் போட முடியாது. இதே காரணத்தால், எலும்பு விலகியிருக்கிறது, இடுப்பு கோணியிருக்கிறது, அதைத் திரும்பப் பொருத்தப் போகிறேன் என்று ஆஸ்டியோபத் சொன்னால் அதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஸ்டில் காலத்துக் கொள்கை பேச்சில் எஞ்சி நிற்கும் இடம் அதுதான். நோயாளிக்கு அந்தப் பேச்சு செய்யும் தீங்கும் சிறிதல்ல; தன் முதுகு எந்த நேரமும் கழன்றுவிடும் பொருள் என்று நம்பத் தொடங்கியவர் குனியவும் தூக்கவும் அஞ்சி, அந்த அச்சத்தாலேயே வலியை நீட்டித்துக்கொள்கிறார்.

பரிசோதனை முடிந்ததும், தாம் கண்டது என்ன, செய்யப்போவது என்ன, அதன் ஆபத்து என்ன, வேறு வழிகள் என்ன, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லி ஒப்புதல் வாங்குவது அவருடைய கடமை. படிவத்தில் கையெழுத்து வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகாது. சிகிச்சைக்கு நடுவிலும் வேண்டாம் என்று சொல்லலாம், இந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்றும் சொல்லலாம்.

சிகிச்சையில் பெரும்பகுதி, நாம் எதிர்பார்ப்பதைவிட மென்மையானது. தசைகளைப் பிசைவது, மூட்டைத் தாளகதியில் அசைப்பது, நோயாளியைத் தம் கைக்கு எதிராக மெல்லத் தள்ளச் சொல்லிப் பிறகு தளர்த்தி நீட்டுவது ஆகியவையே அது. பலரும் அஞ்சும், சிலர் அதற்காகவே வரும் 'டக்' என்ற சத்தம், வேகமான சிறு தள்ளலில் வருவது. கீழ்முதுகுக்கு அதைச் செய்யும்போது நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கீழ்க்காலை நீட்டி, மேல்காலின் முழங்காலை மடித்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருகி, இனித் திரும்பாது என்ற எல்லையில் நிறுத்துவார். மூச்சை விடச் சொல்லி, அது வெளியேறும் நொடியில் குட்டையாக, விரைவாக ஒரு தள்ளல். சத்தம், எலும்பு இடத்தில் போய் உட்காருவதால் வருவதல்ல. மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது இடையிலுள்ள திரவத்தில் வாயுக் குழி உண்டாவதால் வருவது. 2015-ல் கனடாவில் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து இதைப் படம் பிடித்தார்கள். சத்தம் வந்தால்தான் சிகிச்சை பலித்தது என்றும் இல்லை.

அன்று மாலையும் மறுநாளும் உடம்பு வலிப்பது, சோர்வு, லேசான தலைவலி ஆகியவை பலருக்கு வரும், ஓரிரு நாளில் போய்விடும். கழுத்தைத் திருகித் தள்ளும் முறையில் மட்டும் அரிதான, ஆனால் கடுமையான ஓர் ஆபத்து பேசப்படுகிறது. கழுத்தின் பின்புறமாக மூளைக்கு ஏறும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அது. எப்போதும் இல்லாத கடும் கழுத்து வலியோ தலைவலியோ திடீரென்று தொடங்கியவர்களுக்கு, கிழிசல் முன்பே ஏற்பட்டு அந்த வலிக்காகவே சிகிச்சைக்கு வந்திருக்கவும் கூடும் என்பதால், தள்ளலை நேரடிக் காரணம் என்று உறுதிசெய்வது கடினம். அப்படி ஒரு வலியோடு தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் மரத்துப்போதல் எதுவும் சேர்ந்தால், கழுத்தை யாரிடமும் கொடுக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், ஆறிவரும் எலும்பு முறிவு உள்ளவர்கள், முடக்குவாதம் போன்ற அழற்சி நோய் உள்ளவர்கள், காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உள்ளவர்கள், கதிரியக்கச் சிகிச்சையில் இருப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்கிறவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாமல் போகலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், வால்வு மாற்றியவர் என்று நம் குடும்பங்களில் கடைசி வகையினர் குறைவில்லை; மருந்தின் பெயர் வாயில் நுழையாவிட்டால் அட்டையையே காட்டலாம்.

எத்தனை முறை போக வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. ஆனாலும் மூன்று, நான்கு சந்திப்புக்குள் வலியிலோ அசைவிலோ மாற்றம் ஒன்றும் இல்லையென்றால், நல்ல ஆஸ்டியோபத் தாமாகவே நிறுத்தி, குடும்ப மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தருவார். முதல் நாளே பத்து, இருபது சந்திப்புக்கு முன்பணம் கட்டச் சொல்வதும், வலி போன பிறகும் பராமரிப்புக்காக மாதம் ஒருமுறை வரச் சொல்வதும் வியாபாரத்தின் தேவையா, உங்கள் முதுகின் தேவையா என்று கேட்டுப் பார்க்க வேண்டியவை. புறப்படும்போது கையில் இரண்டு மூன்று பயிற்சிகள் இருக்க வேண்டும், அவற்றைச் செய்தீர்களா என்று அடுத்த முறை அவர் கேட்கவும் வேண்டும்.

பிரிட்டனில் இந்தச் சிகிச்சைக்குப் பழகி, ஊருக்கு வரும்போது சென்னையிலோ கோவையிலோ அதைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆஸ்டியோபதிக்கென்று பிரிட்டனில் உள்ளதுபோன்ற தனிச் சட்டமும் பொதுப் பதிவேடும் இல்லை. அந்தப் பெயரில் சிகிச்சை தருகிறவர்களில் பிசியோதெரபி படித்து, மேற்கொண்டு ஆஸ்டியோபதியில் பயிற்சி பெற்றவர்களும் உண்டு, வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கலாம். பெயர்ப்பலகை இருவரையும் வேறுபடுத்திக் காட்டாது. அடிப்படைப் பட்டம் என்ன, எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று நேராகக் கேட்டு, அந்தப் பட்டத்துக்கான பதிவைப் பார்த்துவிட்டு, முன்பு சொன்ன சிறுநீர், மலம், எடை, காய்ச்சல் கேள்விகளை அவர் கேட்கிறாரா என்று கவனித்த பிறகே முதுகைக் காட்டலாம்.